மேடைப் பியானோவின் முகம்

நாவலைப் பற்றியும் சிறுகதையைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்ல நம்மிடையே ஆட்களுக்குக் குறைவில்லை. கச்சேரியைப் பற்றிச் சொல்வதற்கு அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். ஆனால் வாத்தியத்தைப் பற்றி, அதாவது வாத்தியம் செய்கிறவனின் காரியத்தைப் பற்றி, விமர்சனம் என்று யாரும் எழுதுவதில்லை. வீணையையோ வயலினையோ விமர்சிக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது வாஸ்தவம்தான். பல தலைமுறைகள் கைபட்டு, வேண்டாதது உதிர்ந்து, வேண்டியது நின்று, இன்றைய உருவத்துக்கு வந்து சேர்ந்தவை அவை. எந்தத் தனி மனிதனும் அவற்றுக்குப் பொறுப்பாளி அல்ல. நம் காலத்தில் கம்பெனிகள் புதிது புதிதாகச் செய்து விற்கும் மின்சார வாத்தியங்கள் அப்படியல்ல. அவற்றின் ஒவ்வொரு பொத்தானையும் யாரோ ஒருவர் யோசித்து அந்த இடத்தில் வைத்திருக்கிறார். யோசித்து வைத்ததை யோசித்து விமர்சிக்கலாம். அப்படி விமர்சிக்க வேண்டியது என்று நான் கருதுகிற பொருள், ‘ஸ்டேஜ் பியானோ’ என்று சொல்லப்படுகிற டிஜிட்டல் மேடைப் பியானோ.

பார்த்திராத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. நீளமான பலகை மாதிரி இருக்கும். 88 கட்டைகள். உள்ளே தந்தி கிடையாது. நிஜப் பியானோவில் சுத்தியல் எழும்புவது போன்ற கனத்தை மட்டும் கட்டைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய பியானோக்களின் நாதத்தைப் பதிவு செய்தோ, கணக்குப் போட்டோ, ஒரு கம்ப்யூட்டர் உள்ளிருந்து ஒலியைத் தருகிறது. ஸ்பீக்கர் பெரும்பாலும் இராது. மேடையின் ஒலிபெருக்கியோடு இணைத்துக்கொள்ள வேண்டும். 15 கிலோவிலிருந்து 20 கிலோ வரை எடையுள்ளவற்றை ஒருவரே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். பியானோவைத் தவிர ஆர்கன், எலெக்ட்ரிக் பியானோ, வயலின் கூட்டம் என்று பத்திலிருந்து ஆயிரம் வரை வேறு ஒலிகளும் அதற்குள் உண்டு.

இவற்றின் நாதத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. கட்டைகளின் ஸ்பரிசமும் வருஷத்துக்கு வருஷம் மேம்பட்டுத்தான் வந்திருக்கிறது. என் புகார் கட்டைகளுக்கு மேலே இருக்கிற அந்த ஒரு சாண் அகலப் பட்டையைப் பற்றியது. பொத்தான்களும் திருகுகளும் சின்னஞ்சிறு திரையும் இருக்கிற இடம் அது. வாத்தியத்தின் முகம் என்று அதைச் சொல்லலாம். அநேக மேடைப் பியானோக்களின் முகத்தில் என்ன குறை என்று கேட்டால், பொத்தான்கள் அதிகம் என்று சிலர் சொல்வார்கள். போதவில்லை என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் இல்லை என்பது என் கட்சி. தான் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வாசிப்பவனிடம் அந்த முகம் சொல்வதில்லை. அதுதான் குறை.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் பழைய பியானோவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பிளாரன்ஸ் நகரத்தில் பார்த்தலோமியோ கிறிஸ்டோபோரி என்கிற வாத்தியத் தச்சர் 1700ஐ ஒட்டிய வருஷங்களில் முதல் பியானோவைச் செய்தார். அவர் 1720ல் செய்த ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இன்னும் இருக்கிறது. அதன் முன்னால் யாரை உட்கார வைத்தாலும் விஷயம் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும். கட்டையை மெதுவாக அழுத்தினால் மெதுவாக ஒலிக்கும். ஓங்கி அழுத்தினால் ஓங்கி ஒலிக்கும். நேற்று வாசித்தவன் என்ன செய்துவிட்டுப் போனான் என்கிற கேள்விக்கே அங்கே இடம் இல்லை. போனவன் எதையும் விட்டுப் போக முடியாது. நன்றாக வாசிக்க இருபது வருஷம் ஆகலாம். ஆனால் வாத்தியம் நம்மிடம் ஒன்றையும் ஒளித்து வைத்துக்கொண்டிருக்கவில்லை.

மின்சாரம் வந்தவுடனேயே இந்த யோக்கியதை போய்விட்டது என்று சொல்ல முடியாது. 1935ல் லாரன்ஸ் ஹாமண்ட் அமெரிக்காவில் விற்க ஆரம்பித்த ஆர்கனில், இழுக்கவும் தள்ளவும் கூடிய ஒன்பது சட்டங்கள் ஒரு வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் 1 முதல் 8 வரை எண் போட்டிருக்கும். எது எவ்வளவு தூரம் வெளியே வந்திருக்கிறதோ அந்த அளவுக்கு அந்த ஸ்வரத்தின் கலப்பு. கண்ணால் பார்த்தாலும் தெரியும், விரலால் தடவினாலும் தெரியும். அடுத்தது ஹெரால்ட் ரோட்ஸ் என்கிறவருடைய பியானோ. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, காயம்பட்டுப் படுக்கையில் கிடந்த சிப்பாய்கள் மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பதற்காக, விமானத்தின் அலுமினியக் குழாய்களைக் கொண்டு சிறு பியானோக்கள் செய்து கற்றுக்கொடுத்த மனிதர் அவர். பிற்காலத்தில் அவர் பெயரில் வந்த மேடைப் பியானோவின் முகத்தில் இரண்டே திருகுகள்தான். ஒன்று சத்தத்துக்கு, மற்றொன்று கீழ்ஸ்தாயியைத் தூக்கிக் கொடுப்பதற்கு. அதை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எவ்வளவு சங்கீதம் செய்தார்கள் என்பது ஜாஸ் கேட்கிறவர்களுக்குத் தெரியும்.

முறிவு எங்கே ஏற்பட்டது என்பதை ஏறக்குறைய வருஷம் குறிப்பிட்டே சொல்லலாம். 1970ல் வந்த மினிமூக் என்கிற சிந்தஸைஸரின் முகம் முழுக்கத் திருகுகள். பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும் எல்லாம் நிஜம். திருகு எங்கே நிற்கிறதோ அதுதான் ஒலி. அதில் ஒரே ஒரு கஷ்டம்: ஓர் ஒலியை உண்டாக்கினால் அதைச் சேமித்து வைக்க வழி கிடையாது. காகிதத்தில் படம் போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கஷ்டத்தை டேவ் ஸ்மித் என்கிற கலிபோர்னியா எஞ்சினீயர் 1978ல் தீர்த்தார். ‘பிராபெட்-5’ என்கிற அவருடைய வாத்தியத்தில் நாற்பது ஒலிகளைச் சேமித்து வைக்கலாம். பொத்தானை அழுத்தினால் வேண்டிய ஒலி வந்து நிற்கும். பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து திருகு பொய் சொல்ல ஆரம்பித்தது. சேமித்த ஒலி ஒன்று வந்து நிற்கும். திருகோ முந்தைய ஒலிக்கு வைத்த இடத்திலேயே நிற்கும். கண்ணுக்குத் தெரிவது ஒன்று, காதில் விழுவது வேறு.

ஐந்து வருஷம் கழித்து, 1983ல், யமஹா கம்பெனியின் டி.எக்ஸ்.7 வந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவ்னிங் கண்டுபிடித்த முறையில் ஒலியை உண்டாக்குகிற வாத்தியம் அது. லட்சத்துக்கு மேல் விற்றது. அதனுடைய எலெக்ட்ரிக் பியானோ ஒலியை 1980களின் காதல் பாட்டுகளில் உலகமே கேட்டது. அந்த வாத்தியத்தில் திருகுகளே இல்லை. ஒரு பலகையில் தட்டையான பொத்தான்கள், மதிப்பை ஏற்றி இறக்க ஒரு தள்ளுகட்டை, வரிக்கு 16 எழுத்தாக இரண்டே வரி காட்டும் ஒரு திரை. அவ்வளவுதான். உள்ளேயோ ஒவ்வொரு ஒலிக்கும் நூற்றுக்கு மேற்பட்ட அளவுகள். அவற்றை அந்த இரண்டு வரி ஜன்னல் வழியே ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கிற அமைப்புகள் 32க்கும் வரைபடத்தை வாத்தியத்தின் மேலேயே அச்சிட்டிருந்தார்கள். அதைச் செய்தவர்களுக்கே முகத்தைப் பற்றி ஒரு சந்தேகம் இருந்ததற்கு அது அடையாளம் என்று எனக்குத் தோன்றுகிறது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் கம்பெனி கொடுத்த ஒலிகளை வைத்துக்கொண்டே திருப்தியடைந்தார்கள். ஒரு ஒலியைத் தானாக உண்டாக்கிக்கொள்ளலாம் என்கிற பெரிய வாக்குறுதி, அந்தச் சின்ன ஜன்னலில் மாட்டிக்கொண்டு வெளியே வராமலே நின்றுவிட்டது.

இன்றைய மேடைப் பியானோக்கள் இந்த இரண்டு சம்பவங்களின் வாரிசுகள். அவற்றையும் அவற்றோடு சேர்ந்து விற்கிற எளிய வீட்டுப் பியானோக்களையும் பார்த்தால் இரண்டு ஜாதி தெரிகிறது. ஒன்று வாய் திறக்காத ஜாதி. இன்னொன்று ஓயாமல் பேசுகிற ஜாதி.

வாய் திறக்காத ஜாதிக்கு உதாரணம் யமஹாவின் பி-45. 2015ல் வந்தது. மலிவானது, தூக்குவதற்கு லேசானது, முதல் முதலாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஏராளமான வீடுகளில் வாங்கிக் கொடுத்தார்கள். அதன் முகத்தில் மின்சாரம் போடும் பொத்தானையும் சத்தத்துக்கான தள்ளுகட்டையையும் விட்டால் இருப்பது ஒரே ஒரு பொத்தான்தான். பார்க்க எவ்வளவு அடக்கம்! ஆனால் பத்து விதமான ஒலியும், தாளக் கருவியும், சுருதி மாற்றுவதும், கட்டையின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும் உள்ளே இருக்கத்தான் இருக்கின்றன. அவற்றை எழுப்ப வேண்டுமானால் அந்த ஒற்றைப் பொத்தானை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் குறிப்பிட்ட ஒரு கட்டையை அழுத்த வேண்டும். எந்தக் கட்டை எதற்கு என்பது தனியே ஒரு தாளில் இருக்கிறது. தாள் தொலைந்தால் வாத்தியத்தில் பாதி தொலைந்தது. கூத்தாடுகிற குழந்தை ஒன்று பொத்தானையும் கட்டையையும் சேர்த்து அழுத்திவிட்டால் வாத்தியம் வேறு சுருதிக்குப் போய்விடும். போனதற்கு வெளியே ஓர் அடையாளமும் இராது. கற்றுக்கொள்கிற பிள்ளை தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்ளும். 2023ல் இதற்கு வாரிசாக வந்த பி-145லும் இதே சம்பிரதாயம் தொடர்கிறது.

பேசுகிற ஜாதிக்குப் பஞ்சமே இல்லை. விலை ஏற ஏறத் திரை பெரிதாகிறது. திரைக்குள் மெனு, மெனுவுக்குள் மெனு, அதற்குள் பக்கங்கள். எதிரொலியைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றால் நான்கு கதவைத் திறந்து உள்ளே போக வேண்டும். வீட்டில் ராத்திரி உட்கார்ந்து நிதானமாகச் செய்யலாம். மேடையில் பாடகி மூச்சு வாங்குகிற இடைவெளியில் செய்ய முடியுமா? மேடையில் வெளிச்சம் வாசிப்பவனுக்காக வைக்கப்படுவதில்லை, பார்க்கிறவர்களுக்காக வைக்கப்படுகிறது. கறுப்புப் பலகையில் சாம்பல் நிறத்தில் எறும்பு எறும்பாக அச்சிட்ட எழுத்து அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் மறைந்து போகும். நாற்பது தாண்டிய கண்ணுக்குச் சொல்லவே வேண்டாம். பட்டப்பகல் போல் விளக்கெரிகிற கடையில் நின்றுகொண்டு பார்க்கிறவனுக்காக எழுதிய எழுத்து அது. இருட்டில் உட்கார்ந்து வாசிக்கிறவன் எழுதியவர்களின் நினைவுக்கே வரவில்லை.

இரண்டு ஜாதிக்கும் பொதுவான ஒரு வியாதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதுதான் சுருதி மாற்றும் வசதி, ‘டிரான்ஸ்போஸ்’. நம்முடைய மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கிறவர்களுக்கு இது நித்தியக் கடமை. பாடகர் ஒருவர் இரண்டு கட்டை என்பார், அடுத்து வருகிறவர் ஐந்தரை என்பார். விரல் பழகிய இடத்திலேயே வாசித்துக்கொண்டு, பொத்தானால் சுருதியை ஏற்றி இறக்கிக்கொள்வது பலருக்கு வழக்கம். இதில் முதல் சங்கடம் கணக்கில் இருக்கிறது. நம்முடைய கட்டைக் கணக்கு ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி வந்தது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனால் இரண்டு அரை ஸ்வரம். மூன்றிலிருந்து நான்குக்குப் போனால் ஒரே ஒரு அரை ஸ்வரம். இயந்திரமோ அரை ஸ்வரத்தை மட்டும் எண்ணும். பாடகர் கட்டையில் பேசுகிறார், திரை ‘+2’ என்கிறது, நடுவில் இருக்கிறவர் மனசுக்குள் பெயர்த்துக்கொள்கிறார். இது போகட்டும், ஜப்பானில் செய்கிறவனுக்கு நம் கட்டைக் கணக்கு தெரிய வேண்டும் என்று நான் வழக்காட வரவில்லை.

பெரிய சங்கடம் அடுத்த பாட்டில் வருகிறது. ‘+2’ஐ எடுக்க மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடார்க்காரர் ஒரு சுருதியில் ஆரம்பிக்கிறார், இவர் கை அதே சுருதியின் கட்டைகளில் சரியாகத்தான் விழுகிறது. ஆனால் ஒலிப்பது வேறொன்று. ஆயிரம் பேருக்கு முன்னால் அபஸ்வரம். நல்ல கருவிகளில் டிரான்ஸ்போஸ் பொத்தானுக்குள் ஒரு விளக்கு எரிகிறது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைச் சொல்ல அந்த விளக்குக்குத் தெரியாது. சுற்றிலும் இருபது விளக்குகள் எரிகிறபோது இருபத்தோராவது விளக்கு எச்சரிக்கையாகவும் படாது. வாசிக்கிறவர் தப்பாக ஒன்றும் வாசிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் கை சரி, காது சரி. அவருக்கு ஒரு செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பழி மட்டும் அவர் பெயரில் நிற்கிறது.

கம்ப்யூட்டர்க்காரர்கள் இந்த வியாதியை எப்போதோ கண்டுபிடித்துப் பெயரும் வைத்துவிட்டார்கள். ஒரே விரல் அசைவு, இயந்திரம் இருக்கிற நிலையைப் பொறுத்து வேறு வேறு காரியம் செய்வதை அவர்கள் ‘மோட்’ என்பார்கள். 1970களில் கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த லாரி டெஸ்லர் என்பவர் இதற்கு ஜன்ம விரோதி. ‘மோட் வேண்டாம்’ என்பதையே தன் காரின் நம்பர் பலகையில் எழுத்தாகப் போட்டுக்கொண்டு திரிந்தார். அவர் 2020ல் காலமானார். எழுத்தை வெட்டி ஒட்டுவதற்கு இன்று உலகமெல்லாம் உபயோகிக்கிற முறை அவர் கைவண்ணம். கடிதம் எழுதுகிறவனுக்கு இத்தனை கவலைப்பட்டார்கள். எழுதுகிறவன் தப்பு வந்தால் அழித்துத் திருத்தலாம். மேடையில் வாசிக்கிறவனுக்கு அழிப்பதற்கு வழியே கிடையாது. அவனுக்காகக் கவலைப்பட்டவர்கள் குறைவு.

அறவே இல்லை என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. ஸ்வீடனில், ஸ்டாக்ஹோமிலிருந்து வருகிற நார்ட் என்கிற சிவப்பு நிற வாத்தியங்களில் ஒரு கொள்கை தெரிகிறது. அடிக்கடி வேண்டிய காரியம் ஒவ்வொன்றுக்கும் தனித் திருகு. சில மாடல்களில் திருகைச் சுற்றி விளக்கு வளையம். சேமித்த ஒலி ஒன்றை அழைத்தால் வளையம் அந்த ஒலியின் அளவைக் காட்டும். 1978ல் பொய் சொல்ல ஆரம்பித்த திருகுக்கு மறுபடி உண்மை பேசக் கற்றுக்கொடுத்தார்கள் என்று இதைச் சொல்லலாம். 2017ல் வந்த ரோலண்டின் ஆர்.டி.2000லும் திருகுகளுக்கும் தள்ளுகட்டைகளுக்கும் இப்படி விளக்குகள் உண்டு. 2019ல் யமஹா கொண்டுவந்த சி.பி.88 இன்னும் ஒரு படி துணிந்தது. பியானோவுக்கு ஒரு பகுதி, எலெக்ட்ரிக் பியானோவுக்கு ஒரு பகுதி, மற்ற ஒலிகளுக்கு ஒரு பகுதி. ஒவ்வொன்றையும் போடவும் அணைக்கவும் பழைய காலத்து நெம்புச் சுவிட்சு. இருட்டில் விரலால் தேடிப் பிடித்துத் தள்ளலாம்.

குறை இவற்றிலும் உண்டு. நார்டில் இடம் போதாமல் ஒரு பொத்தானுக்கு இரண்டு வேலை கொடுத்து, இரண்டாவது வேலையைப் பொடி எழுத்தில் கீழே எழுதி, ‘ஷிப்ட்’ பொத்தானோடு சேர்த்து அழுத்தச் சொல்கிறார்கள். சி.பி.88ல் முகத்தில் இடம் பெறாத விஷயங்கள் எல்லாம் சின்னத் திரையின் மெனுவில்தான் போய்ப் பதுங்கியிருக்கின்றன. ஆனாலும் இவை வாசிப்பவனை நினைத்துச் செய்த காரியங்கள். ஒலியை மாற்றுகிற சமயத்தில் முந்தைய ஒலி வெட்டுப்படாமல் இழைந்து போக வேண்டும் என்பதற்கும் இந்த இரண்டு கம்பெனிகளும் பாடுபட்டிருக்கின்றன. அதற்கு முன் அநேக வாத்தியங்களில் பிடித்திருக்கும் நாதம் கத்தரித்தாற்போல் நின்றுவிடும்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். வயலின் என்ன சுலபமா, பழகினால் எல்லாம் வந்துவிடும், இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை இல்லை என்பார்கள். கஷ்டத்தில் இரண்டு வகை உண்டு. வயலினில் விரலை எங்கே வைப்பது என்று படுகிற கஷ்டம் பத்து வருஷத்தில் சங்கீதமாக மாறி வெளியே வருகிறது. அந்தக் கஷ்டமே வித்தை. மெனுவின் மூன்றாவது பக்கத்தில் எதிரொலியின் அளவு இருக்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொள்கிற கஷ்டம் எத்தனை வருஷம் பட்டாலும் சங்கீதமாக மாறாது. அடுத்த மாடல் வாங்கினால் அந்த ஞானம் பூராவும் குப்பைக்குப் போகிறது. ஒரு வித்வான் தன் ஆயுளில் செலவழிக்கக் கூடிய கவனம் அளவுக்குட்பட்டது. அதை எதற்காக வாங்கிக்கொள்கிறோம் என்று வாத்தியம் செய்கிறவன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் காசு பற்றியது. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு துளை, ஒரு தொடுப்பு, ஒரு விளக்கு, ஒரு பரிசோதனை, எல்லாம் செலவுதான். மலிவான வாத்தியத்தில் எல்லாவற்றையும் எதிர்பார்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தக் கட்டைக்கு என்ன வேலை என்பதைக் கட்டைக்கு மேலே அச்சிடுவதற்கு எவ்வளவு ஆகிவிடும்? சுருதி மாறியிருந்தால் எரிவதற்கு ஒரு விளக்கு எவ்வளவு ஆகும்? இவற்றைத் தவிர்ப்பது காசுக்காக அல்ல, அழகுக்காக என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வரவேற்பு அறையில் ஒரு கறை இல்லாமல் பளபளவென்று கிடக்க வேண்டும் என்கிற அழகு. அந்த அழகுக்கு விலை கொடுப்பவன் வாசிக்கிறவன்.

கைபேசியை இணைத்துக்கொண்டால் எல்லாம் பெரிய திரையில் படம் போட்டுக் காட்டும், பிறகு என்ன குறை என்றும் சொல்கிறார்கள். யமஹா, ரோலண்ட், காசியோ மூன்றுமே அதற்கென்று செயலிகள் கொடுத்திருக்கின்றன. வாத்தியத்தின் முகத்தைக் கழற்றி வேறொரு கருவியில் வைத்துவிட்டு, வாத்தியம் எளிமையாகிவிட்டது என்பது எனக்குச் சமாதானமாகப் படவில்லை. நல்ல பியானோ மூன்று தலைமுறைக்கு நிற்கும். கைபேசியோ நான்கைந்து வருஷத்தில் மாறிவிடுகிறது. புதிய கைபேசியில் பழைய செயலி ஓடும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ஓடாத அன்றைக்கு அந்த வாத்தியத்தின் பாதி குணங்கள் உள்ளேயே சமாதியாகிவிடும். மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போது கைபேசியில் யாராவது கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

இதையெல்லாம் சில பொத்தான்களைப் பற்றிய முணுமுணுப்பு என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. பியானோ ஆதியிலிருந்தே பார்வையற்றவர்களுக்கு இடம் கொடுத்த வாத்தியம். 1830களில் பாரிஸில் குளோத் மோன்தால் என்கிற பார்வையற்ற மனிதர் பியானோவைத் தடவித் தடவியே அதன் உள்ளமைப்பைக் கற்று, சுருதி சேர்ப்பதில் நிபுணரானார். அதைப் பற்றிப் புஸ்தகமும் எழுதினார். அவருக்குப் பிறகு அது பார்வையற்றவர்களுக்கு ஒரு கௌரவமான ஜீவனமாகவே ஐரோப்பாவில் அமைந்தது. மின்சாரப் பியானோ வந்தபோதும் அந்தக் கதவு மூடவில்லை. ரே சார்ல்ஸ் 1959ல் உர்லிட்ஸர் எலெக்ட்ரிக் பியானோவை வைத்துக்கொண்டுதான் தன் பெரிய வெற்றிகளில் ஒன்றைப் பதிவு செய்தார். ஸ்டீவி வொண்டர் கைபடாத மின்சார வாத்தியம் குறைவு.

இப்போது 2019ல் வந்த காசியோ பி.எக்ஸ்-எஸ்1000ஐப் பாருங்கள். 11 கிலோ எடைதான், மெலிந்த உடம்பு, 88 கட்டைகள், தொழில்திறமை என்ற அளவில் பாராட்ட வேண்டியது. அதன் மேற்பரப்பு கண்ணாடி போல் வழவழப்பானது. மின்சாரம் போட்டால் அதில் குறிகள் ஒளிர்கின்றன, தொட்டால் வேலை செய்கின்றன. அணைத்தால் மறைந்துவிடுகின்றன. கண் உள்ளவர்களுக்கு அது ஒரு சின்ன ஜாலம். ஆனால் ரே சார்ல்ஸ் போன்ற ஒருவரை அதன் முன்னால் உட்கார வைத்தால், அவர் விரலுக்கு அங்கே என்ன தட்டுப்படும்? மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. முந்நூறு வருஷமாகத் திறந்திருந்த கதவு ஒரு பளபளப்புக்காகச் சாத்தப்பட்டிருக்கிறது. 2016ல் கிராமி பரிசளிப்பு விழாவில், பிரெய்ல் எழுத்திலிருந்த சீட்டை ஸ்டீவி வொண்டர் ஒருவரே படிக்க முடிந்தபோது, ஊனமுற்றவர்கள் யாவருக்கும் எல்லாப் பொருள்களும் எட்டும்படி செய்ய வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். சபை கைதட்டியது. கைதட்டலுக்கு மூன்று வருஷம் கழித்து வந்தது இந்த வழவழப்பு.

பார்வையற்றவருக்கு என்று தனியாக ஒரு வாத்தியம் செய்யச் சொல்லவில்லை. இருட்டு மேடையில், பாடகியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிற ஒவ்வொருவனும் அந்த நேரத்துக்குப் பார்வையற்றவன்தான். அவருக்குப் பொருந்துவது இவனுக்கும் பொருந்தும். கையால் தடவினால் எது எங்கே என்று தெரிய வேண்டும். திருகு நிற்கிற நிலையும் ஒலிக்கிற ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது விளக்காவது உண்மையைச் சொல்ல வேண்டும். சுருதி மாறியிருந்தால், எவ்வளவு மாறியிருக்கிறது என்பது எந்தக் கதவையும் திறக்காமல் பெரிய எண்ணாகத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து வெறும் பியானோவாக ஆக்குகிற பொத்தான் ஒன்று, மற்றப் பொத்தான்களைப் போல் இல்லாமல், இடது ஓரத்தில் தனியாக இருக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். இதில் ஒன்றுகூடப் புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஒன்பது சட்டங்களை வைத்துக்கொண்டு ஹாமண்ட் 1935ல் செய்து காட்டியதுதான்.

கதை எழுதுகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைத்து, வாசகனைத் தடுமாற விட்டு, அதையே சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்கிற ரகம். அந்தத் தடுமாற்றம் வாசகனுக்கு ஒரு சாயங்காலத்துப் பொழுதுபோக்கு. புஸ்தகத்தை மூடினால் தீர்ந்தது. வாத்தியம் ஒளித்து வைத்தால் அது இன்னொருவனுடைய பெயரை, ஜீவனத்தை, சபைக்கு முன்னால் அவனுடைய மானத்தைத் தொடுகிறது. அதனால்தான் இதை ஒரு சின்ன விஷயம் என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. மேடைப் பியானோ வாங்கப் போகிறவர்கள் கடையில் ஆயிரம் ஒலி என்கிற விளம்பரத்தைப் படிப்பதோடு நிற்காமல், ஒரு காரியம் செய்து பார்க்கலாம். விற்கிறவரைச் சுருதியை இரண்டு ஏற்றி வைக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேறு வாத்தியம் காட்டச் சொல்லுங்கள்.